கை ஓடாத நாட்கள்

"தஞ்சாவூர்ப் படத்துல கல் பதிச்சு, தங்க ரேக்கும் ஒட்டியாச்சு டாக்டர். கிருஷ்ணன் முகம் எழுதத்தான் கை ஓடலை" என்கிறீர்களா? நாடி பார்த்ததும் நான் கேட்பது, "ராத்திரி எத்தனை மணிக்குப் படுக்கறீங்க?" என்றுதான். வீட்டு வேலை முடித்து நள்ளிரவுவரை கண்விழித்து வரைந்தால் பித்தம் மிகும் என்பது சித்த மருத்துவம். கண் எரியும், மனசு சலிக்கும்.

பத்து நாள் படத்தைத் துணி போட்டு மூடுங்கள். நேரத்தோடு படுங்கள். வாரம் இருமுறை எண்ணெய்க் குளியல் (சளி, காய்ச்சல் இருந்தால் வேண்டாம்). பகலில் கால் மணி நேரம், பழைய நோட்டில் பென்சிலால் வெறும் கண்களாகப் போடுங்கள். கோணினால் கோணட்டும்; யாருக்கும் காட்டாதீர்கள்.

ஆனால் படம் மட்டுமல்ல, சமையல், பேச்சு, பேரப்பிள்ளை எதிலுமே இரண்டு வாரமாகப் பிடிப்பில்லை, பசி தூக்கம் கெட்டது என்றால், அது சோம்பல் அல்ல. மனச்சோர்வு நோயாக இருக்கலாம். என்னிடம் லேகியம் கேட்டு நிற்காமல் மனநல மருத்துவரை உடனே பாருங்கள்.