சங்கிலித் திட்டங்களும் இல்லறத்தார் நெறியும்

ஆசிரியப் பயிற்சிப் பள்ளியில் நாம் பணியாற்றிய காலத்தில், பாடம் நடத்தப் பழகும் மாணவியர்க்கு முதலில் உணர்த்துவது ஒன்றுண்டு. தெரிந்ததிலிருந்து தெரியாததற்குச் செல்லுதல் வேண்டும் என்பதே அது. இவ்விதழில் நாம் எடுத்துக்கொண்ட பாடத்திற்கும் அம்முறையே ஏற்றதாகும். நம் தாய்மார்களுக்கு நன்கு தெரிந்தது ஏலச்சீட்டு. தெரிந்ததுபோல் தோன்றியும் தெரியாதது, ஆள்சேர்த்துப் பணம் பெருக்கும் சங்கிலித் திட்டம். அத்திட்டத்தில் நம் உற்றாரும் உறவினரும் சிக்கித் தவிப்பதைக் கண்ணுற்று வருகின்றோம். நாமும் அக்குற்றத்தில் ஒரு பங்குடையோம். அதனைப் பின்னர்க் கூறுவோம்.

சீட்டு வேறு, சங்கிலி வேறு

இருபது பேர் சேர்ந்து மாதம் 5,000 ரூபாய் வீதம் இருபது மாதங்கள் சீட்டுக் கட்டுவதாகக் கொள்வோம். மாதந்தோறும் திரள்வது ஒரு இலட்சம். அவசரத் தேவை உடையவர் தள்ளி எடுக்கிறார். தள்ளிய தொகை, நடத்துபவரின் கமிஷன் போக, ஏனையோருக்குப் பகிர்ந்தளிக்கப்படுகிறது. இங்கே உறுப்பினர் தொகை வரையறுக்கப்பட்டது, காலமும் வரையறுக்கப்பட்டது. இருபத்தொன்றாவது ஆள் ஒருவர் வந்து சேர வேண்டிய தேவையே இல்லை. 1982 ஆம் ஆண்டின் சீட்டு நிதிச் சட்டப்படி பதிவு செய்து நடத்தினால் அது முறையான தொழில்.

சங்கிலித் திட்டம் அவ்வாறன்று. அதில் சேர்பவர் ஒரு தொகை கட்டி, ஐந்து பேரைச் சேர்க்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். அவ்வைவரும் ஆளுக்கு ஐவரைச் சேர்ப்பர். 5, 25, 125, 625, 3,125, 15,625, 78,125, 3,90,625 என வரிசைகள் விரியும். ஒன்பதாம் வரிசைக்கு மட்டும் 19,53,125 பேர் வேண்டும். கள்ளக்குறிச்சி மாவட்டப் பகுதியின் மக்கள் தொகை 2011 கணக்கெடுப்பின்படி ஏறத்தாழ 13.70 இலட்சமே. தொட்டிலில் உறங்கும் குழந்தை முதல் கல்வராயன் மலை உச்சியில் சாமை விதைக்கும் முதியவர் வரை அனைவரையும் சேர்த்தாலும் ஒன்பதாம் வரிசை நிரம்பாது.

இக்கணக்கில் மற்றுமோர் உண்மை மறைந்துள்ளது. எட்டாம் வரிசையோடு சங்கிலி அறுந்துவிட்டது எனக் கொள்வோம். முதல்வரையும் சேர்த்து மொத்தம் 4,88,281 பேர். அவருள் 3,90,625 பேர் கடைசி வரிசையில் நிற்பவர். அதாவது நூற்றுக்கு எண்பது பேர். நான்காம் வரிசையில் அறுந்தாலும், ஆறாம் வரிசையில் அறுந்தாலும் இவ்விகிதம் மாறாது. ஆகவே, பணம் இழந்தவரை நோக்கி, ‘திறமை போதவில்லை, முயற்சி போதவில்லை’ என்று கூறுவது பொய். ஐவரில் நால்வர் இழப்பது அத்திட்டத்தின் அமைப்பிலேயே எழுதப்பட்டுள்ளது.

நாடு கண்ட நிகழ்வுகள்

ஆள்சேர்ப்பை வெளிப்படையாகக் கேட்காமல், ‘அதிக வட்டி’ என்ற பெயரில் வருவது இதன் உடன்பிறப்பு. 1920 இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் சார்லஸ் போன்சி என்பவர் 45 நாளில் 50 விழுக்காடு ஆதாயம் தருவதாகக் கூறிப் பெருந்தொகை திரட்டினார். பின்வந்தோர் முதலை எடுத்து முன்வந்தோர்க்கு வட்டியாகக் கொடுத்தார் என்பதே அவர் தொழில். அவ்வாண்டிலேயே அது சரிந்தது. அல்பேனியா நாட்டில் 1997 இல் இத்தகைய திட்டங்கள் வீழ்ந்தபோது மக்கள் கொதித்தெழுந்தனர், ஆட்சியே ஆட்டங்கண்டது.

நம் தமிழகத்திலும் சான்றுகள் பல. 1990களில் நிதி நிறுவனங்கள் பல மூழ்கியதன் விளைவாகவே, வைப்பீட்டாளர் நலன் காக்கும் தனிச் சட்டம் 1997 இல் இயற்றப்பட்டது. அதன் பின்னரும் திருப்பூரில் பாசி என்னும் அந்நியச் செலாவணி வணிக நிறுவனம் ஏறத்தாழ 930 கோடி ரூபாய் மோசடி செய்தது. 2009 இல் வெளிப்பட்ட அவ்வழக்கில் 2022 ஆம் ஆண்டிலேதான் தீர்ப்பு வந்தது. நடத்தியோர்க்கு 27 ஆண்டுச் சிறை விதிக்கப்பட்டது. இழந்தவர் காத்திருந்தது பதின்மூன்று ஆண்டுகள் என்பதை நினைவிற் கொள்க.

2022 இல் ஆருத்ரா கோல்டு டிரேடிங் நிறுவனத்தின்மீது வழக்குப் பதிவாயிற்று. மாதம் 25 முதல் 30 விழுக்காடு வரை தருவதாகக் கூறி, ஏறத்தாழ ஒரு இலட்சம் பேரிடம் ரூ. 2,438 கோடி திரட்டப்பட்டதாகக் காவல்துறை தெரிவித்தது. அதே ஆண்டில் காட்பாடியைத் தலைமையிடமாகக் கொண்ட ஐ.எப்.எஸ். நிறுவனத்தின்மீதும் வழக்கு எழுந்தது. அங்கே முகவர்களாகச் செயற்பட்டவர் பலர் அவ்வவ்வூர்க்காரர்களே. உறவு முறையும் பழக்கமுமே அவர்களது முதலீடாய் அமைந்தன.

உறவே தூண்டிலாவது எவ்வாறு?

இங்கே நம் சொந்த அனுபவத்தைக் கூறுதல் கடமையாகிறது. சில ஆண்டுகளுக்கு முன், எம் பெரியம்மாவின் மகன், எமக்குத் தம்பி முறையாவார், திருநறுங்கொண்டை அப்பாண்டைநாதரைத் தரிசித்துத் திரும்பும் வழியில் எம் இல்லம் வந்தார். ஒரு நிறுவனத்தில் சேர்ந்துள்ளதாகவும், கள்ளக்குறிச்சியில் ஒரு திருமண மண்டபத்தில் கூட்டம் நடைபெறவிருப்பதாகவும் கூறினார். ‘அக்கா, நீங்கள் பணம் கட்ட வேண்டா. வந்து முன்வரிசையில் அமர்ந்தால் போதும்’ என்றார். பணம் கட்டுவதில்லை என்ற உறுதி எமக்கிருந்தது. ஆயினும் தம்பியின் முகம் வாடக்கூடாதே என்று சென்றோம். எமக்குப் பொன்னாடை போர்த்தினர். ஓய்வுபெற்ற ஆசிரியப் பயிற்றுநர் என்று ஒலிபெருக்கியில் அறிமுகம் செய்தனர். நாம் ஒரு சொல்லும் பேசவில்லை, மறுத்தும் பேசவில்லை.

ஆறு திங்களுக்குப் பின், கல்வராயன் மலையில் வெள்ளிமலைப் பகுதிப் பள்ளியொன்றில் பணியாற்றும் எம் பழைய மாணவி வந்தார். மலையிற் பிறந்து, தம் குடும்பத்தில் முதன்முதலாகப் படித்து ஆசிரியையானவர். தாம் கடன் வாங்கிக் கட்டியதோடு, தம் ஊரில் பதினொரு பேரைச் சேர்த்திருந்தார். கடுக்காயும் மரவள்ளியும் விற்ற காசை அவர்கள் தந்திருந்தனர். நிறுவனத்தின் அலுவலகம் பூட்டிக் கிடந்தது. ‘ஏனம்மா விசாரிக்காமல் சேர்ந்தாய்?’ என்று கேட்டோம். அவர் தலை நிமிராமல் சொன்னார்: ‘அம்மா, நீங்கள் வந்திருந்தீர்களே.’

நாற்பதாண்டுக் காலம் நாம் ஈட்டிய நன்மதிப்பை, ஒரு மாலைப் பொழுதில் முன்பின் அறியாதவர்க்கு இரவலாகக் கொடுத்துவிட்டோம் என்பது அன்றுதான் விளங்கிற்று. இத்திட்டங்களுக்கு வேண்டியது நம் பணம் மட்டுமன்று. அண்டை வீட்டார் நம்மீது வைத்துள்ள நம்பிக்கையே அவர்களுக்கு முதற்பொருள். நம்மைப் போன்ற சிறு சமுதாயத்தில், எல்லோரும் எல்லோர்க்கும் மாமன், மைத்துனர், சம்பந்தி என்னும்போது, அந்நம்பிக்கை மிக விரைவில் கைம்மாறிவிடுகிறது.

கள்ளாமை விரதத்தின் ஐந்து குற்றங்கள்

தீவினையை நாமே செய்தல், பிறரைக் கொண்டு செய்வித்தல், செய்வதற்கு உடன்படுதல் ஆகிய மூன்றும் வினைக்கு வாயில் என்பது நம் சிறுவரும் அறிந்த பாடம். முன்வரிசையில் மௌனமாய் அமர்ந்த நாம் மூன்றாவதிற் சேர்வோம்.

தத்துவார்த்த சூத்திரம் ஏழாம் அத்தியாயத்தில் கள்ளாமை என்னும் அணுவிரதத்திற்கு ஐந்து அதிசாரங்கள் கூறப்பட்டுள்ளன. அவற்றை இன்றைய நிலையோடு பொருத்திக் காண்போம்.

1. களவுக்குத் தூண்டுதல்: ஆள்சேர்த்தால் பங்கு என்று அடுத்தவரை ஏவுவது இதுவே.

2. களவுப் பொருளைக் கொள்ளுதல்: முன்னர்ச் சேர்ந்தவர் பெறும் ‘ஊக்கத்தொகை’ பின்னர்ச் சேர்ந்தவரின் முதலன்றி வேறில்லை.

3. அரசின் முறைக்கு மாறாக நடத்தல்: பணச்சுழற்சித் திட்டங்கள் 1978 ஆம் ஆண்டுச் சட்டத்தால் தடை செய்யப்பட்டவை.

4. அளவைகளில் கூட்டியும் குறைத்தும் வழங்குதல்: பெற்றவர் ஒருவரை மேடையேற்றி, இழந்தவர் நால்வரை மறைப்பதும் கள்ள அளவையே.

5. போலியை மெய்யென விற்றல்: சில நூறு ரூபாய் மதிப்புள்ள பொருளைப் பல ஆயிரத்திற்குத் தந்து, நுழைவுக் கட்டணத்தை ‘வணிகம்’ எனப் பெயர் சூட்டுவது இவ்வகை.

ஐந்தும் ஒருங்கே அமைந்த தொழில் பிறிதொன்று உண்டோ என்று ஐயுறுகின்றோம். மிகுபொருள் விரும்பாமை என்னும் ஐந்தாம் விரதம் இதற்குத் தடுப்பு. எனினும் பேராசை ஒன்றையே காரணமாகக் கூறுதல் நீதியன்று. மகளின் திருமணம், மகனின் கல்லூரிக் கட்டணம், மருத்துவச் செலவு என்னும் நியாயமான தேவைகளே பலரை அங்கே அழைத்துச் செல்கின்றன. எம் மாணவி கடன் வாங்கியது தங்கையின் செவிலியர் படிப்பிற்காக.

சேருமுன் கேட்க வேண்டிய மூன்று வினாக்கள்

முதலாவது: பணம் எங்கிருந்து வருகிறது? எந்தப் பொருளை யார் வாங்குவதால் இவ்வாதாயம் கிடைக்கிறது என்பதை எளிய சொற்களில் விளக்க இயலாவிடின் விலகுக.

இரண்டாவது: நாளை முதல் புதியவர் ஒருவரும் சேராவிட்டால், இருப்பவர்க்குப் பணம் வருமா? வாராது எனின் அது சங்கிலியே.

மூன்றாவது: மக்களிடம் வைப்புத்தொகை பெற யார் அனுமதி தந்தனர்? கம்பெனிப் பதிவுச் சான்றும் ஜி.எஸ்.டி. எண்ணும் இதற்கு அனுமதி ஆகா. அவற்றைச் சட்டமிட்டு மாட்டியிருப்பதைக் கண்டு மயங்கற்க. ரிசர்வ் வங்கி 2016 இல் தொடங்கிய ‘சசேத்’ இணையதளத்தில் ஒரு நிறுவனம் அனுமதி பெற்றதா என்று பார்க்கவும், புகார் அளிக்கவும் வசதியுண்டு. வீட்டிலுள்ள கல்லூரிப் பிள்ளைகளைக் கொண்டு பார்க்கச் செய்யலாம்.

இன்று இத்திட்டங்கள் மண்டபத்தைத் தேடுவதில்லை. கைப்பேசிச் செயலியாகவும் வாட்ஸ்அப் குழுவாகவும் வருகின்றன. வடிவம் மாறினாலும் வினாக்கள் மூன்றும் மாறா.

அகப்பட்டோரை மீட்கும் முறை

உறவினர் ஒருவர் சேர்ந்துவிட்டார் என்று அறிந்தால், பலர் முன்னிலையில் இகழ்தல் கூடாது. இகழப்பட்டவர் தம் முடிவை நிலைநாட்டவே மேலும் பணம் கட்டுவார். தனியே அழைத்து, தாளும் பென்சிலும் கொடுத்து, மேற்கூறிய வரிசைக் கணக்கை அவர் கையாலேயே போடச் செய்க. நாம் சொல்லும் விடையைவிட அவரே கண்ட விடை ஆழப் பதியும்.

நம்மைச் சேர அழைத்தால், ‘யோசிக்கிறேன்’ என்னும் நழுவற்சொல் வேண்டா. ‘உன்மீது அன்பு குறையவில்லை, இத்திட்டத்தில் சேர்வதற்கில்லை, பிறரிடம் என் பெயரைச் சொல்லவும் வேண்டா’ என்று தெளிவாகக் கூறுக. கடைசித் தொடரையே நாம் கூறத் தவறினோம்.

பணம் இழந்தபின், ‘அன்றே சொன்னேனே’ என்பது புண்ணில் கோலிடுவதாகும். இழந்தவரைத் தனிமையில் விடாதீர்கள். இரசீது, ஒப்பந்தப் பத்திரம், வங்கிக் கணக்குப் பதிவு, கைப்பேசிச் செய்திகள் அனைத்தையும் திரட்டிப் பொருளாதாரக் குற்றப்பிரிவில் புகார் அளிக்கத் துணை செல்லுங்கள். 1997 ஆம் ஆண்டுச் சட்டப்படி நிறுவனத்தின் சொத்துகளை முடக்கி, தனி நீதிமன்றத்தின் வழி விற்று, வைப்பீட்டாளர்க்குப் பகிர்ந்தளிக்க வழியுண்டு. காலம் நீளும், முழுத்தொகை கிட்டுமென்ற உறுதியும் இல்லை. ஆயினும் புகார் அளியாதவர் பெயர் பட்டியலில் இடம்பெறுவது அரிது. ‘பணத்தை மீட்டுத் தருகிறோம், முன்பணம் கட்டுங்கள்’ என்று வருவோர் இரண்டாம் முறை ஏய்ப்பவர்.

பிறரைச் சேர்த்தவர்கள் தண்டனைக்கு அஞ்சி வாய்மூடி இருப்பதுண்டு. 1978 ஆம் ஆண்டுச் சட்டம் நடத்துவோரை மட்டுமன்றி ஆள்சேர்ப்போரையும் தண்டிக்க இடந்தருகிறது. 2019 ஆம் ஆண்டுச் சட்டமும் தெரிந்தே பொய்கூறிச் சேர்ப்பதைக் குற்றமாக்கியுள்ளது. ஆதலால் வழக்கறிஞரின் ஆலோசனை பெற்று, நடந்ததை நடந்தவாறே கூறுவதே பாதுகாப்பும் அறமும் ஆகும்.

நாம் செய்தது சிறிதே. எம் மாணவியோடு வெள்ளிமலை சென்று, அப்பதினொரு பேர் முன்னிலையில், ‘அன்று நான் அங்கு அமர்ந்தது தவறு’ என்றோம். அவர்களுக்குப் புகார் மனுக்களை எழுதிக் கொடுத்தோம். அவருள் மூத்தவரான ஒரு மூதாட்டிக்கு, அவர் கட்டிய தொகை தீரும்வரை, எம் ஓய்வூதியத்தில் ஒரு பகுதியை மாதந்தோறும் அனுப்பினோம். தம்பியைக் காணச் சென்றபோது இரு முறை கதவு திறக்கவில்லை. மூன்றாம் முறை திறந்தார். தம் தாயார் பெயரில் இருந்த நிலத்தை விற்றுக் கட்டியவர் அவர்; அவரும் கடைசி வரிசையில் நின்றவரே. அன்று பொழுது சாய்வதற்குள் உண்டு எழுந்தோம். பணத்தைப் பற்றி அவர் பேசவில்லை, நாமும் கேட்கவில்லை. மறுவாரம் தம் இரசீதுகளோடு அவரே எம் இல்லம் வந்தார்.

பயிற்சி வினாக்கள்

1. ஒவ்வொருவரும் மூவரைச் சேர்க்கும் சங்கிலி ஐந்தாம் வரிசையோடு அறுந்தால், கடைசி வரிசையில் இருப்போர் எத்தனை பேர்? அவர்கள் மொத்தத்தில் எத்தனை பங்கு?

2. ஏலச்சீட்டுக்கும் சங்கிலித் திட்டத்திற்கும் உள்ள வேறுபாடுகள் மூன்றினைக் கூறுக.

3. ஒருவர் தாம் கட்டியதற்கு மேல் பத்தாயிரம் ரூபாய் பெற்றார். அவர் சேர்த்த ஐவரும் இழந்தனர். அப்பத்தாயிரம் யாருடையது? குடும்பத்தோடு அமர்ந்து ஆராய்க.

மூன்றாம் வினாவிற்கு விடைக் குறிப்பு தருவதற்கில்லை. அதனை அவரவர் மனச்சான்றே திருத்தி மதிப்பெண் இடுமாக. அறம் வளர்க.