உங்கள் இரத்தத்தைப் பரிசோதிப்பவர் என்ன படித்தவர்?

ராசாவிலும் சுற்றியுள்ள தோட்டங்களிலும் வாழ்ந்த பெரியவர்களுக்குத் தோட்டத்து டிரஸ்ஸரை நினைவிருக்கும். காய்ச்சல் என்று போனால் விரல் நுனியில் குத்தி, ஒரு சொட்டு இரத்தத்தைக் கண்ணாடித் துண்டில் தேய்த்து எடுப்பார்கள். மலேரியாக் கிருமி இருக்கிறதா என்று மைக்ராஸ்கோப்பில் பார்த்துச் சொன்னவர் யார் என்பது நமக்குத் தெரியாது. 1900இல் கோலாலம்பூரில் தொடங்கப்பட்ட மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் அந்தக் காலத்திலேயே மலேரியா, பெரிபெரி போன்ற நோய்களை ஆராய்ந்து வந்தது.

இன்று ஜாலான் ராசாவில் உள்ள துவாங்கு ஜாஃபார் மருத்துவமனைக்குப் போனால், இனிப்பு நீர், கொலஸ்ட்ரால், சிறுநீரகம் என்று இரண்டு மூன்று குழாய்களில் இரத்தம் எடுப்பார்கள். அதைச் சோதிப்பவர் இன்றும் உங்கள் கண்ணில் படுவதில்லை. அவர் மருத்துவ ஆய்வுக்கூடத் தொழில்நுட்பர்.

"போன வாரம்தானே கொடுத்தேன், மறுபடியும் ஏன் இரத்தம் கேட்கிறார்கள்?" என்று சிலர் சலித்துக்கொள்வது உண்டு. காரணம் இப்படியும் இருக்கலாம். இரத்தம் எடுக்கும்போதோ குழாயைக் குலுக்கும்போதோ சிவப்பணுக்கள் சில உடைந்துவிடும். அவற்றுக்குள் இருந்த பொட்டாசியம் வெளியே கசியும். உங்கள் உடம்பில் சரியாகவே இருந்தாலும், சோதனையில் பொட்டாசியம் அதிகம் என்று காட்டும். இருதயத்துக்கும் இரத்தக் கொதிப்புக்கும் தரும் சில மருந்துகளை அந்தக் கணக்கைப் பார்த்தே மருத்துவர் கூட்டுவார், குறைப்பார். பிரித்தெடுத்த நீர் வெளிர் மஞ்சளாக இல்லாமல் சிவந்திருந்தால், படித்த தொழில்நுட்பர் அந்த எண்ணை நம்ப மாட்டார். வேறு இரத்தம் கேட்பார். இன்னொரு முறை ஊசி குத்துவது தொல்லைதான். தவறான எண்ணுக்கு மருந்து சாப்பிடுவது அதைவிடப் பெரிய தொல்லை.

இந்தப் பக்குவம் வர என்ன படிக்க வேண்டும்? எஸ்.பி.எம். தேர்வில் மலாய், கணிதம், அறிவியல் பாடங்களில் கிரெடிட் பெற்றவர்கள் மூன்று ஆண்டு டிப்ளோமா படிக்கலாம். எஸ்.டி.பி.எம்., மெட்ரிகுலேஷன் அல்லது டிப்ளோமா முடித்தவர்கள் இளங்கலைப் பட்டத்துக்குப் போகலாம். அங்கே உயிரியலும் வேதியியலும் முக்கியம். மலேசிய தேசியப் பல்கலைக்கழகத்தில் உயிர்மருத்துவ அறிவியல் பட்டம் உண்டு. வகுப்போடு முடிவதில்லை, மருத்துவமனை ஆய்வுக்கூடத்தில் பயிற்சியும் எடுக்க வேண்டும். முதுகலைக்கு அதே துறையில் அல்லது நெருங்கிய துறையில் இளங்கலைப் பட்டம் வேண்டும். பெரும்பாலும் ஓர் ஆராய்ச்சியைச் செய்து, அதை எழுதிச் சமர்ப்பிக்க வேண்டும். நோயியல் நிபுணர் வேறு: அவர் முதலில் மருத்துவராகி, பிறகு நான்கு ஆண்டு முதுகலை படித்தவர். இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

பேரப்பிள்ளை இந்தப் படிப்புக்கு ஆசைப்பட்டால் தடுக்காதீர்கள். "டாக்டருக்குக் கிடைக்கவில்லை, அதனால் இது" என்று அந்தப் பிள்ளையின் காதுபடச் சொல்லவும் வேண்டாம். ஆனால் சேமிப்பை எடுத்துக் கொடுப்பதற்கு முன் இரண்டு கேள்விகள் கேளுங்கள்.

ஒன்று, அந்தப் படிப்பு எம்.கியூ.ஏ. பதிவேட்டில் இருக்கிறதா? கல்லூரியின் பெயர் மட்டும் இருந்தால் போதாது. நீங்கள் பணம் கட்டப்போகும் அதே படிப்பின் பெயர் இருக்க வேண்டும். பி.டி.பி.டி.என். கல்விக் கடனுக்கும் இது தேவை.

மற்றொன்று, படித்து முடித்தால் தொழிலுக்குப் பதிவு செய்ய முடியுமா? 2016ஆம் ஆண்டின் 774ஆம் சட்டம் 2020இல் நடைமுறைக்கு வந்தது. அதன்படி மருத்துவ ஆய்வுக்கூடத் தொழில்நுட்பர்கள் துணைச் சுகாதாரத் தொழில்கள் மன்றத்தில் பதிவு செய்த பிறகே தொழில் செய்யலாம். பெயர் அழகாக இருந்தும் மன்றம் ஏற்காத படிப்பு என்றால், சான்றிதழ் கையில் இருக்கும், வேலை இருக்காது. கல்லூரி முகவர் "எல்லாம் சரி" என்று வாயால் சொன்னால், எழுதித் தரச் சொல்லுங்கள்.

எம்.கியூ.ஏ. பதிவேட்டை யாரும் இணையத்தில் பணம் கட்டாமல் பார்க்கலாம். பேரப்பிள்ளையை உங்கள் பக்கத்தில் உட்கார வைத்து, கைப்பேசியில் தேடிக் காட்டச் சொல்லுங்கள். முன்பணம் கட்டுவதற்கு முதல் நாளே இதைச் செய்யுங்கள்.