கர்ப்பிணிகளும் சுண்ணாம்புச் சத்து மாத்திரையும்

கன்று ஈன்ற கறவைப் பசு எழ மாட்டாமல் கழுத்தை வளைத்துப் படுத்துவிடுவதைக் குடியானவர் பலர் கண்டிருப்பர். பாலோடு சுண்ணாம்புச் சத்து வெளியேறி இரத்தத்தில் அது குறைவதே காரணம். கால்நடை மருத்துவர் கால்சியம் மருந்தை நாளத்தில் ஏற்றினால் பெரும்பாலும் சில மணி நேரத்தில் எழுந்து நிற்கும். பசுவுக்குத் தாது உப்புக் கலவை வாங்கத் தயங்காத வீட்டிலும், கர்ப்பிணிக்கு இலவசமாய்க் கிடைத்த கால்சியம் மாத்திரைகள் மாடத்திலேயே கிடப்பதுண்டு.

இந்திய சர்க்கார் 2014-இல் வகுத்த முறைப்படி, கர்ப்பத்தின் 14-ஆவது வாரம் முதல் பிரசவத்துக்குப் பின் 6 மாதம் வரை, நாள்தோறும் 2 மாத்திரைகள் உட்கொள்ளல் வேண்டும். ஒவ்வொன்றிலும் 500 மில்லிகிராம் கால்சியம் உண்டு. இஃது எலும்பின் பொருட்டு மட்டுமன்று. கர்ப்பத்தில் இரத்த அழுத்தம் ஏறி, வலிப்புக் கண்டு, தாயும் சிசுவும் மாளும் அபாயத்தை, கால்சியம் குறைந்த ஆகாரம் உண்போரிடத்தில் இது குறைக்கிறது. தாம்பரம், மாடம்பாக்கம், வண்டலூர்ப் பக்கங்களில் ஏரிப் பாசன நிலங்கள் பலவும் மனைகளாகிவிட்டன. கேழ்வரகுக் கூழும் அருகிவிட்டது. 100 கிராம் கேழ்வரகில் ஏறக்குறைய 350 மில்லிகிராம் கால்சியம் இருக்க, தீட்டிய அரிசியில் 10 மில்லிகிராம் அளவே உள்ளது.

அவ்வாறிருந்தும் சிலர் உண்ணாமைக்குக் காரணங்கள் பல. மாத்திரை பெரிது; தொண்டையில் சிக்கும். மலச்சிக்கலும் வயிற்று உப்புசமும் சிலருக்கு உண்டாகும். விடியலில் மின்சார ரயிலைப் பிடிக்க ஓடுபவர் மறந்துவிடுவர். எதற்காக என்று எவரும் விளக்காததே பெருங்காரணம் எனலாம். இரும்புச் சத்து மாத்திரையையும் இதையும் ஒருங்கே விழுங்கி, இரும்பினால் வரும் குமட்டலையும் கறுத்த மலத்தையும் இதன்மேல் ஏற்றி, இரண்டையும் நிறுத்துவோரும் உளர். ஒருங்கே உண்பதால் இரும்பு உடலிற் சேர்வதும் தடைப்படும். சிசு பெருத்துப் பிரசவம் கடினமாகும், கல் உண்டாகும் என அஞ்சும் மூத்த ஸ்திரீகளும் உண்டு. அவர்களை அறிவீனர் எனத் தள்ளுதல் தகாது. வீட்டில் எதை உண்பது என்று தீர்மானிப்பவர் பெரும்பாலும் அவர்களே. ஆதலின் கிராமச் செவிலியர் மாமியாரையும் உடன் இருத்திப் பேசுதல் நன்று. முன்பே சிறுநீரகக் கல் கண்டவர் மருத்துவரைக் கேட்டே உண்ண வேண்டும்.

பெங்களூரில் 11,000 கர்ப்பிணிகளிடம் நடந்து 2024-இல் வெளியான ஆராய்ச்சியில், நாளொன்றுக்கு 500 மில்லிகிராம் உண்டவர்க்கும் 1,500 மில்லிகிராம் உண்டவர்க்கும் மேற்கண்ட இரத்த அழுத்த நோய் ஏறக்குறைய ஒரே அளவில்தான் கண்டது. ஆகவே ஒரு வேளை தவறியதென்று முழுவதையும் கைவிடுதல் வீண். காலை உணவுக்குப் பின் ஒன்றும் பகலுணவுக்குப் பின் ஒன்றுமாகக் கால்சியத்தையும், இரண்டு மணி நேரமேனும் இடைவெளி விட்டு இரவில் இரும்பையும் உண்ணலாம். அங்கன்வாடியில் தாய்மார் கூடும் நாளைக் கிராம அதிகாரிகள் முன்னரே வீடுகளுக்கு அறிவித்தால், மாமியாரும் கணவரும் உடன் வர வசதியாகும்.