மல்டி டூல் வாங்கலாமா?

பழைய மொசைக் தரையை உடைக்காமல் அதன் மேலேயே டைல் ஒட்டுவது இப்போது ஊரெங்கும் நடக்கிறது. செலவு மிச்சம், வீடெல்லாம் மண் கொட்டும் தொல்லையும் இல்லை. ஆனால் தரை ஒன்றரை, இரண்டு சென்டிமீட்டர் உயர்ந்துவிடும். கதவைக் கழற்றி அடியில் அறுத்துக்கொள்ளலாம். சுவரோடு சேர்ந்து நிற்கும் மரநிலையை என்ன செய்வது? பல வீடுகளில் நிலையின் மடிப்புகளுக்கு ஏற்றபடி டைலை நறுக்கி ஒட்டி, விட்டுப்போன இடுக்கை ஒயிட் சிமென்டால் பூசிவிடுகிறார்கள். கதவை அடித்துச் சாத்தச் சாத்த அந்தப் பூச்சு அதிர்ந்து உதிர்கிறது. டைலும் பசையும் சேர்ந்த கனத்துக்கு நிலையின் அடியை அறுத்தெடுத்துவிட்டு, டைலை அதன் கீழே நுழைப்பதுதான் சுத்தமான வேலை. கைரம்பத்தைத் தரையோடு படுக்கவைத்தால் பிடி இடிக்கும். கிரைண்டரின் வட்டத் தகடு உள்மூலை வரை எட்டாது. ஜிக்சாவுக்கு அங்கே இடமே இல்லை. ஆசிலேட்டிங் மல்டி டூல் இருந்தால், ஒட்டப்போகும் டைலில் ஒரு துண்டைத் தரையில் வைத்து, அதன் கீழே பசையின் கனத்துக்கு ஓர் அட்டையைச் செருகி, பிளேடை அதன் மேல் படுக்கவைத்து நேரே தள்ளினால் போதும். தேக்கு நிலையாக இருந்தாலும் சில நிமிடங்களில் முடிந்துவிடும்.

அந்தக் கருவியின் குணம் இந்த ஒரு வேலையிலேயே தெரிந்துவிடுகிறது. பொருத்தி முடித்த ஒன்றைக் கழற்றாமல், நின்ற இடத்திலேயே அறுக்கவும் சுரண்டவும் அதற்கு இணை கிடையாது. புதிதாக ஒரு மேசையோ அலமாரியோ செய்ய அது அவ்வளவாக உதவாது. ஆகவே வாங்குவதற்கு முன், வீட்டில் பாக்கி நிற்கும் வேலைகளை ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். பழுதுபார்க்கும் வேலைகள் நாலைந்து தேறினால் வாங்கலாம். பலகை வாங்கி வந்து ஏதாவது செய்யும் ஆசைதான் பட்டியல் முழுக்க இருந்தால், அந்தப் பணத்துக்கு வேறு கருவி வாங்குவதே நல்லது.

டிரில்லைப் போல இதன் தண்டு சுற்றுவதில்லை. ஏறக்குறைய 3 டிகிரிக்குள் இடமும் வலமுமாக ஆடுகிறது, நிமிடத்துக்கு 20,000 முறை வரை. பிளேடின் நுனி நகரும் தூரம் நாலைந்து மில்லிமீட்டரைத் தாண்டாது. சுற்றாததால் மரத்தில் மாட்டிக்கொண்டு கையைத் தூக்கி எறியும் ஆபத்து இல்லை. பலகையின் நட்டநடுவிலும் நேராகக் குத்தி இறக்கலாம். அதே காரணத்தால்தான் வேகமும் குறைவு. அறுத்த தூள் வெளியே பறக்காமல் வெட்டுக்குள்ளேயே தங்கிப் பிளேடைச் சூடாக்கும். இதன் மூதாதை ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டை வெட்டும் ரம்பம். அமெரிக்க எலும்பு மருத்துவர் ஹோமர் ஸ்ட்ரைக்கர் 1940களில் அப்படி ஒன்றை உருவாக்கினார். இறுகிய கட்டு அந்தச் சிறு ஆட்டத்தில் அறுபடும். தோல் கூடவே அசைந்து கொடுத்துத் தப்பிக்கும். ஜெர்மனியின் ஃபைன் நிறுவனம் 1967-இல் மாவுக்கட்டு ரம்பம் செய்து, பின்னாளில் அதே ஆட்டத்தைப் பட்டறை வேலைக்கும் கொண்டுவந்தது. அதன் காப்புரிமைகள் 2008 வாக்கில் முடிந்த பிறகே மற்ற கம்பெனிகள் இறங்கின, விலையும் வீட்டுக்காரர் தொடும் அளவுக்கு வந்தது. ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம்: மரம் அறுக்கும் பிளேடின் பற்கள் கூர்மையானவை, அவை தோலையும் அறுக்கும்.

நம் வீடுகளில் டிரில்லுக்கு அடுத்தபடி வாங்கப்படுவது 4 அங்குல ஆங்கிள் கிரைண்டர். விலை குறைவு, எந்த ஹார்ட்வேர் கடையிலும் தகடு கிடைக்கும், இரும்பும் டைலும் அறுக்க அதுவே சரி. என் கவலை, அதில் பல் வைத்த மர ரம்பத் தகட்டை மாட்டி நிலையும் பலகையும் அறுக்கும் பழக்கம். நிமிடத்துக்கு 11,000 சுற்று சுற்றும் தகடு மரத்தில் கவ்விக்கொண்டால், கருவி கையை மீறித் துள்ளும். தகடு கொள்ளவில்லை என்று காப்பு மூடியையும் கழற்றிவிட்டால் விரல் போகும், சில சமயம் அதற்கு மேலும் போகும். கிரைண்டரில் மரத்தை அறுக்கவே அறுக்காதீர்கள். மரத்தில் இப்படிப்பட்ட இடுக்கு வேலைகள் அடிக்கடி வருகிறவர் மல்டி டூல் வாங்க அது ஒன்றே போதுமான காரணம்.

ஜிக்சா, தனியாகக் கிடக்கும் பிளைவுட்டில் வளைவு அறுக்க. நீளமாக நேர்கோட்டில் அறுக்க சர்க்குலர் சா. சுவரில் ஒயர் பைப்புக்குக் காடி வெட்டவும், கடப்பா, கிரானைட் அறுக்கவும் மார்பிள் கட்டர். இந்த மூன்று வேலைக்கும் மல்டி டூலை எடுத்தால் பொழுதும் போகும், பிளேடும் போகும். தினமும் தேவைப்படாத கட்டரை வாடகைக்கே எடுத்துக்கொள்ளலாம். ஒரே ஒரு குழாய், ஒரே ஒரு ஆணி என்றால் எந்த மெஷினும் வேண்டாம்: ஆக்சா பிளேடின் ஒரு முனையில் துணி சுற்றிப் பிடித்து அறுத்துவிடலாம்.

மல்டி டூலுக்கே உரிய வேலைகள் வேறு. வாஷ்பேசினுக்குக் கீழே, குழாய்க்கும் சுவருக்கும் நடுவில் ஆக்சாவை இழுக்க இடமில்லாத மூலையில் பிவிசி பைப்பை அறுப்பது. மாட்டி முடித்த கிச்சன் அலமாரியின் பின்பலகையில் சுவிட்ச் பெட்டிக்குச் சதுரம் எடுப்பது. சிங்க்கைச் சுற்றி இறுகிக் கறுத்த சிலிக்கானைச் சுரண்டுவது. கதவுக் கீலில் தலை தேய்ந்து வராமல் நிற்கும் திருகாணியை அறுப்பது. கம்பி வைத்த மரஜன்னலின் மூலைகளில் பழைய பெயின்டைத் தேய்ப்பது. முக்கோணத் தட்டில் உப்புத்தாளை ஒட்டிக்கொண்டால், கை நுழையாத மூலையிலும் அது வேலை செய்யும். முழுக் கதவைத் தேய்க்க மட்டும் இதை எடுக்காதீர்கள், அதற்குத் தனி சாண்டர் இருக்கிறது.

குளியலறை டைல் இணைப்பைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் கீழ்வீட்டுச் சீலிங்கில் ஈரம் படரும் சண்டைகளில் பல இங்கேதான் தொடங்குகின்றன. கறுத்து உதிர்ந்த பழைய கிரவுட்டின் மேலேயே புதிதைப் பூசினால் பிடிக்காது. பழையதைச் சுரண்டி எடுத்துவிட்டு, எபாக்ஸி கிரவுட்டை அழுத்தி நிரப்ப வேண்டும். கிரைண்டரால் செய்தால் ஒருமுறை கை வழுக்கினாலே டைலின் மினுக்கத்தில் நீளமாகக் கோடு விழும். மல்டி டூலில் கார்பைடு துகள் பதித்த அரைவட்டப் பிளேடைப் போட்டு, நடு வேகத்தில், அழுத்தாமல் இழுத்தால் டைலுக்குச் சேதமில்லாமல் கிரவுட் மாவாக வரும். மெதுவான வேலைதான். பொறுமையாகச் செய்தால் டைல்களை உடைக்காமலே குளியலறையைக் காப்பாற்றிவிடலாம். தரைக்கடியில் வாட்டர்புரூஃபிங்கே போயிருந்தால் மட்டும் இது போதாது.

ஆக, சொந்த வீடு, கொஞ்சம் பழைய வீடு, கையால் வேலை செய்யும் விருப்பம் மூன்றும் உள்ளவர் தாராளமாக வாங்கலாம். டிரில் இன்னும் வாங்காதவர் அதைத்தான் முதலில் வாங்க வேண்டும். வாடகை வீட்டில் இருப்பவருக்கு இது அநேகமாக அலமாரியில்தான் தூங்கும்.

எந்த மெஷின்? வீட்டுக்கு 300 வாட்ஸ் அளவிலான ஒயர் மாடல் போதும். ஏற்கெனவே ஒரு கம்பெனியின் 18 வோல்ட் டிரில்லும் பேட்டரியும் வைத்திருந்தால், அதே கம்பெனியின் மல்டி டூலைப் பேட்டரி இல்லாமல் வாங்குவது லாபம். வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் வசதி கட்டாயம் வேண்டும்: மரத்துக்கு முழு வேகம், இரும்புக்குக் குறைவு, பிளாஸ்டிக்கை வேகமாக அறுத்தால் உருகி மறுபடி ஒட்டிக்கொள்ளும். ஆடும் கோணம் 3 டிகிரியைத் தாண்டினால் அறுப்பு விரைவு, அதிர்வும் கூடுதல். பிளேடு மாட்டும் விதத்தைக் கவனியுங்கள். போஷும் ஃபைனும் 2016-இல் கொண்டுவந்த ஸ்டார்லாக்கில் பிளேடு அழுத்தினாலே மாட்டிக்கொள்ளும், சாவி வேண்டாம். ஆனால் பழைய மாதிரித் தட்டைப் பிளேடுகள் அதில் உட்காரா. உங்கள் ஊர்க் கடையில் எந்த மாதிரிப் பிளேடு கிடைக்கிறது என்று விசாரித்த பிறகே மெஷினை முடிவு செய்யுங்கள்.

மெஷின் விலையை மட்டும் பார்த்து வாங்குகிறவர்கள் பிளேடில்தான் திணறுகிறார்கள். நல்ல பிளேடு ஒன்றே சில நூறு ரூபாய் ஆகும், அது தேய்ந்தும் போகும். சாதாரண எஃகுப் பிளேடு மரத்துக்கு மட்டும். உள்ளே ஓர் ஆணி இருந்தால் பல் மொத்தமும் மழுங்கிவிடும். பழைய மரத்தில் ஆணி இல்லாத இடம் அரிது என்பதால் பைமெட்டல் பிளேடே நமக்குப் பொருத்தம். ஐம்பது துண்டு அடங்கிய மலிவுப் பெட்டியைவிட, 30 மில்லிமீட்டர் அளவில் பைமெட்டல் இரண்டு, கிரவுட்டுக்கு ஒன்று, சுரண்டும் தகடு ஒன்று வாங்குங்கள். அறுக்கும்போது ஒரே இடத்தில் அழுத்தாமல், பிளேடை மெல்லப் பக்கவாட்டில் அசைத்துக்கொண்டே போனால் தூள் வெளியேறும், சூடு தணியும். புகை வந்தால் நிறுத்துங்கள்: ஒன்று நீங்கள் அழுத்துகிறீர்கள், அல்லது பிளேடு மழுங்கிவிட்டது.

சத்தம் கடுமையாக இருக்கும், காதடைப்பான் போடுங்கள். கண்ணாடியும் வேண்டும். சுவரையொட்டி எதைக் குத்தி இறக்குவதானாலும் முதலில் எம்சிபியை இறக்கிவிட்டு, வேறு இடத்திலிருந்து கரண்ட் எடுத்துக்கொள்ளுங்கள். பூச்சுக்குள் ஒயர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று வெளியே தெரியாது. டைல் கிரவுட்டின் தூளில் சிலிக்கா இருக்கிறது, சாதாரணத் துணி அதைத் தடுக்காது. என்95 முகக்கவசம் அணிந்து, ஜன்னலைத் திறந்து வைத்துச் செய்யுங்கள். மாடியிலோ மாட்டுக்கொட்டகையிலோ பழைய ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் இருந்தால், இதனாலும் அறுக்காதீர்கள், வேறு எந்த மெஷினாலும் அறுக்காதீர்கள். அந்த நார்த்தூள் நுரையீரலில் தங்கி, பல வருடங்கள் கழித்துப் புற்றுநோயாக வரக்கூடியது. ஷீட்டை நனைத்துக்கொண்டு, உடைக்காமல், முழுசாகவே கழற்றி இறக்க வேண்டும்.