கட்டிலுக்கு முன் விசிறியைப் பாருங்கள்

கேள்வி: பத்துக்குப் பத்து அறை. மகளுக்கு 8 வயது, மகனுக்கு 5. இரண்டடுக்குக் கட்டில் வாங்கலாமா?

பதில்: தாராளமாக வாங்கலாம். ஆனால் முதலில் சீலிங் ஃபேனைப் பாருங்கள். நம் வீடுகளில் பெரிய ஆபத்து அதுதான். மேல்தட்டில் மகள் எழுந்து நின்று கையை எந்தப் பக்கம் நீட்டினாலும் இறக்கை எட்டக்கூடாது. உங்கள் அறை அளவுக்கு அது சிரமம். சுவரில் மாட்டும் ஃபேனுக்கு மாறிவிடுங்கள், தயங்கவே வேண்டாம்.

6 வயது முடியும்வரை மகன் கீழ்தட்டில்தான், எவ்வளவு அடம்பிடித்தாலும். மெத்தை போட்ட பிறகும் தடுப்புக் கம்பி 5 அங்குலமாவது மேலே நிற்க வேண்டும். தடித்த இலவம்பஞ்சு மெத்தை அந்த உயரத்தைத் தின்றுவிடும். மேலே 4 அங்குல மெத்தை போதும். கம்பிகளின் இடைவெளி மூன்றரை அங்குலத்தைத் தாண்டக்கூடாது. கடையிலேயே கட்டிலைப் பிடித்து ஆட்டிப் பாருங்கள். ஆடினால் வேண்டாம்.