ஸ்விட்ச் மாற்றலாம், புது லைன் இழுக்கலாமா?

படுக்கையறை ஸ்விட்ச் உடைந்து போய்விட்டது. எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டால் "நாளைக்கு வர்றேன்" என்று மூன்று நாளாகச் சொல்கிறார். கையில் போன் இருக்கிறது. வீடியோ பார்த்தால் பத்து நிமிஷ வேலை மாதிரிதான் தெரிகிறது. நாமே மாற்றிவிடலாமா? சட்டத்திலேயே இதற்குப் பதில் இருக்கிறது என்பது பலருக்குத் தெரியாது.

வீட்டு மின்வேலையை, மாநில அரசின் உரிமம் பெற்ற ஒப்பந்ததாரர் மூலம், தகுதிச் சான்று பெற்றவரின் மேற்பார்வையில்தான் செய்ய வேண்டும் என்கின்றன மத்திய மின்சார ஆணையத்தின் பாதுகாப்பு ஒழுங்குமுறைகள். கூடவே ஒரு விலக்கும் தருகின்றன. 250 வோல்ட்டுக்கு மேற்படாத பல்பு, ஃபேன், ஃபியூஸ், ஸ்விட்ச், வீட்டுச் சாதனம் போன்றவற்றில் பழையதைக் கழற்றிப் புதியதைப் போட உரிமம் வேண்டாம். ஒரே நிபந்தனை, அந்த இணைப்பின் திறனோ தன்மையோ மாறக் கூடாது. 1956-ஆம் ஆண்டின் இந்திய மின்சார விதிகளிலேயே இருந்த ஏற்பாடு இது.

திறன் மாறுவது என்றால் என்ன? 6 ஆம்பியர் ஸ்விட்ச் போன இடத்தில் 6 ஆம்பியர் ஸ்விட்ச் போட்டால் எதுவும் மாறவில்லை. ஆனால் டிவிக்கு வைத்த 6 ஆம்பியர் சாக்கெட்டைக் கழற்றிவிட்டு, கீசர் பிளக் நுழைய வேண்டும் என்று 16 ஆம்பியர் சாக்கெட்டை மாட்டினால் திறனில் கைவைத்துவிட்டீர்கள். வெளியே சாக்கெட் பெரிதானதால் சுவருக்குள் ஓடும் வயர் தடித்துவிடாது. 2000 வாட் கீசர் 230 வோல்ட்டில் ஏறக்குறைய 9 ஆம்பியர் இழுக்கும். அதே லைனில் ஃபேன், லைட், டிவி எல்லாம் ஓடினால் வயர் சூடாகும், மேலுறை இளகும், கருகும். அது நடப்பது சுவருக்குள்ளே என்பதால் வாசனை வரும்வரை யாருக்கும் தெரியாது.

எம்.சி.பி. அடிக்கடி விழுகிறது என்று 16 ஆம்பியரை எடுத்துவிட்டு 32 போடுவதும், ஃபியூஸ் கேரியரில் தடிமனான கம்பியைச் சுற்றுவதும் இதே தப்புதான். எம்.சி.பி. உங்கள் மிக்ஸியைக் காப்பாற்ற வைத்தது அல்ல. சுவருக்குள் இருக்கும் வயரைக் காப்பாற்ற வைத்தது. அது விழுந்தால் எங்கோ லோடு கூடிவிட்டது, இல்லையென்றால் எங்கோ ஷார்ட் ஆகிறது. ஏன் விழுகிறது என்று பார்க்காமல் பெரியதாக மாற்றுவது, நாய் குரைக்கிறதே என்று அதன் வாயைக் கட்டுகிற கதை.

சரி, உடைந்த ஸ்விட்ச்சுக்கு வருவோம். முதலில் மெயினை ஆஃப் பண்ணுங்க. வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தால் அதையும் ஆஃப் பண்ணுங்க. இதைத்தான் நிறைய பேர் மறக்கிறார்கள். மெயினை அணைத்த உடனே "கரண்ட் போயிடுச்சு" என்று நினைத்து இன்வெர்ட்டர் தன் வேலையைத் தொடங்கிவிடும். ஃபேனுக்கும் லைட்டுக்கும் 230 வோல்ட் வந்துகொண்டே இருக்கும். வீட்டில் மற்றவர்களிடம் சொல்லிவிட்டுத் தொடங்குங்கள். யாராவது வந்து "ஏன் கரண்ட் இல்லை?" என்று மெயினைப் போட்டுவிடக் கூடாது.

டெஸ்டரை அப்படியே நம்பக் கூடாது. மெயினை அணைப்பதற்கு முன்பே, கரண்ட் இருக்கிற ஒரு பிளக் பாயின்ட்டில் வைத்து எரிகிறதா என்று பாருங்கள். அணைத்தபின் வேலை செய்யப்போகும் இடத்தில் எல்லா முனைகளிலும் வைத்துப் பாருங்கள். டெஸ்டரே பழுதாக இருந்தால், எரியாததைப் பார்த்துக் கரண்ட் இல்லை என்று கைவைத்துவிடுவோம். அதற்குத்தான் இந்த முன்சோதனை.

போர்டைக் கழற்றியதும் எந்த வயரையும் தொடுவதற்கு முன் போனில் இரண்டு மூன்று போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே திருகில் இரண்டு வயர் நுழைந்திருந்தால், ஒன்று வருகிற பேஸ், மற்றது பெரும்பாலும் பக்கத்து ஸ்விட்ச்சுக்குப் போகும் லூப். அந்த லூப்பை விட்டுவிட்டால் அடுத்தடுத்த ஸ்விட்ச்சுகளும் வேலை செய்யாது. சிவப்பு பேஸ், கறுப்பு நியூட்ரல், பச்சை எர்த் என்பது வழக்கம்தான். ஆனால் மிச்சமிருந்த வயரை வைத்து ஒப்பேற்றிய வீடுகள் நிறைய இருக்கின்றன. நிறத்தை நம்பாதீர்கள், போட்டோவை நம்புங்கள். புது ஸ்விட்ச்சில் வயரைச் செருகியபின் செம்பு வெளியே தெரியக் கூடாது. திருகை இறுக்கியபின் வயரை லேசாக இழுத்துப் பாருங்கள். லூசான இணைப்புதான் பின்னாளில் பொறி பறந்து ஸ்விட்ச்சைக் கருக்கும். பழைய வீட்டில் போர்டுக்குள் அலுமினிய வயர் தெரிந்தால் அத்தோடு மூடிவிடுங்கள். வளைத்தால் ஒடியும், செம்போடு முறுக்கிச் சேர்த்தால் சேருமிடம் சூடாகும்.

பொருள் வாங்கும்போது ஐ.எஸ்.ஐ. முத்திரையைப் பார்ப்போம். முத்திரையை அச்சடிப்பது பெரிய வித்தை இல்லையே! அதன் கீழே உள்ள உரிம எண்ணை 'பி.ஐ.எஸ். கேர்' செயலியில் போட்டால், அது யாருக்குத் தரப்பட்ட உரிமம், எந்தப் பொருளுக்கு, இப்போதும் செல்லுமா என்று வந்துவிடும். கடையில் நின்றபடியே பார்க்கலாம்.

ஸ்விட்ச்சை அணைத்த பிறகும் எல்.இ.டி. பல்பு மங்கலாக மினுக்குகிறதா? ஸ்விட்ச்சில் இண்டிகேட்டர் லைட் இருந்தால் அதனாலும் இருக்கலாம். அது இல்லாமலே மினுக்கினால், பேஸுக்குப் பதில் நியூட்ரல்தான் ஸ்விட்ச் வழியாகப் போகிறதோ என்று சந்தேகப்பட வேண்டும். அப்படி இருந்தால் ஸ்விட்ச்சை அணைத்தாலும் ஹோல்டரில் கரண்ட் நிற்கும். ஸ்டூலில் ஏறி பல்பைத் திருகும் கை அதைத் தொடலாம். இதைச் சரிபண்ணுவது உங்கள் வேலை இல்லை. புதுப் பாயின்ட் எடுப்பது, ஏசிக்குத் தனி லைன் இழுப்பது, எர்த் போடுவது எல்லாமே அப்படித்தான். தமிழ்நாடு மின் உரிம வாரியத்தின் சான்று இருக்கிறதா என்று வருகிறவரிடம் கேளுங்கள். கேட்பதில் கூச்சம் வேண்டாம்.

கம்பத்திலிருந்து மீட்டர் வரை மின்வாரியத்தின் பொறுப்பு. சர்வீஸ் வயர் தொங்கினாலோ மீட்டர் புகைந்தாலோ சீலை உடைத்துப் பார்க்காமல், மின்னகம் எண் 94987 94987-ஐ அழையுங்கள். இரவு பகல் எந்நேரமும் எடுப்பார்கள். யாருக்காவது ஷாக் அடித்து ஒட்டிக்கொண்டிருந்தால் அவரைத் தொடாமல் முதலில் மெயினை அணைத்துவிட்டு 108-ஐக் கூப்பிடுங்கள்.

கடைசியாக உங்கள் டி.பி. பாக்ஸைத் திறந்து பாருங்கள். அதில் 'டி' என்று ஆங்கில எழுத்து போட்ட சின்ன பட்டனோடு ஒன்று இருந்தால் அதுதான் ஆர்.சி.சி.பி. கசியும் மின்சாரம் 30 மில்லி ஆம்பியரை எட்டுவதற்குள் இணைப்பைத் துண்டிக்கிற சாதனம் இது. அந்தப் பட்டனை மாதம் ஒருமுறை அழுத்துங்கள். 'டப்' என்று விழ வேண்டும். விழவில்லை என்றால் எலக்ட்ரீஷியனை அன்றைக்கே வரச் சொல்லுங்கள், 'நாளைக்கு' வேண்டாம். அந்தப் பட்டனே இல்லாத வீடு என்றால், ஒன்று பொருத்த என்ன செலவாகும் என்று அவரிடமே கேட்டுவிடுங்கள்.