ரம்ப மேசைக்கு எர்த் எங்கே?

புதிதாக வட்ட ரம்ப மேசை வாங்கிப் பட்டறையில் நிறுத்துகிறவர்களுக்கு, யந்திரம் வண்டியிலிருந்து இறங்குவதற்கு முன்பே வந்து சேர்ந்துவிடுகிற உபதேசம் ஒன்று உண்டு. ‘எர்த்துக்கென்று தனியாகக் குழி வெட்டிச் செலவு செய்வானேன்? பிளக்குக்குள்ளேயே நியூட்ரலையும் எர்த்தையும் ஒரு துண்டு வயரால் சேர்த்துவிட்டால் போயிற்று. இரண்டும் கடைசியில் பூமிக்குத்தானே போகின்றன!’ என்பதே அது. தெருக்கோடி வயர்மேன் முதல் யந்திரம் விற்கிற கடைச் சிப்பந்தி வரையில் இதனை ஓதாதவர் அரிது. மின்சாரத் தொழிலையே ஜீவனமாகக் கொண்ட என்னிடமே, நான் அறியாத சூட்சுமம் ஒன்றைக் கற்றுக்கொடுக்கிற பாவனையில் இதைச் சொல்லிப் போனவர்கள் உண்டு. ஆளைக் கொல்லக்கூடிய பொய் இது. ஆகையால் இதனை மரியாதையாக மறுத்துவிட்டு மேலே செல்ல எனக்கு மனம் வரவில்லை.

நியூட்ரல் என்பது மோட்டாருக்குச் சென்ற கரண்ட் திரும்பி வருகிற பாதை. ரம்பம் சுழலும் நேரமெல்லாம் பேஸ் வயரில் ஓடுகிற அத்தனை ஆம்பியரும் அதிலும் ஓடிக்கொண்டிருக்கும். எர்த் வயரிலோ, யாவும் ஒழுங்காக இருக்கும் நாளில் கரண்டே ஓடலாகாது. மோட்டாரின் உள்ளே காப்பு பழுதுபட்டு இரும்பு உடம்பில் மின்சாரம் ஏறிய கணத்தில் மட்டுமே அதற்கு வேலை. டிரான்ஸ்பார்மரில் நியூட்ரலைப் பூமியோடு சேர்த்திருப்பது மெய்தான். அந்த ஒரு மெய்யைக் கேட்டுக்கொண்டுதான் இத்தனை பேரும் மோசம் போகிறார்கள். ஆனால் டிரான்ஸ்பார்மருக்கும் பட்டறைக்கும் இடையே கம்பத்து இணைப்பு, மீட்டர், மெயின் ஸ்விட்ச், சாக்கெட் என்று எத்தனையோ முடிச்சுகள் இருக்கின்றனவே. அவற்றில் ஒன்றில் நியூட்ரல் கழன்றுவிட்டால் என்ன ஆகும் என்பதை இவர்கள் எவரும் யோசிப்பதில்லை.

ஆவது இதுதான். ஓடிக்கொண்டிருந்த ரம்பம் நின்றுவிடும். பேஸ் வழியாக வந்த மின்சாரம், மோட்டாரின் சுருளைக் கடந்து, திரும்பிப் போக வழியில்லாமல், யாரோ கெட்டிக்காரர் முடிந்துவைத்த அந்தத் துண்டு வயரின் வழியே ரம்ப மேசையின் இரும்பில் ஏறி நிற்கும். மேசை முழுவதும் 230 வோல்ட். ‘கரண்ட் போய்விட்டது’ என்று எண்ணுகிற தச்சர், ஈரச் சிமெண்டுத் தரையில் வெறுங்காலோடு நின்றவாறு, பலகையை எடுப்பதற்காக மேசையின் மேல் கையை ஊன்றுவார். யந்திரம் ஓடும்போது இல்லாத அபாயம் அது நின்ற பிறகு வந்து உட்கார்ந்திருக்கிறது என்று அவருக்கு எப்படித் தெரியும்? லைன் வேலை பார்த்தவர்கள் கம்பத்தில் பேஸையும் நியூட்ரலையும் இடம் மாற்றிக் கட்டிவிட்டாலோ, நியூட்ரல் கழலவேண்டிய அவசியம்கூட இல்லை; ஸ்விட்சைப் போடாத யந்திரத்திலேயே ஷாக் அடிக்கும். நியூட்ரலில் பியூஸ் வைக்கலாகாது என்று 1956ஆம் ஆண்டின் இந்திய மின்சார விதிகளே விலக்கியிருந்தும், பேஸுக்கு ஒன்று, நியூட்ரலுக்கு ஒன்று என இரட்டைப் பியூஸ் கட்டைகளைப் பழைய கட்டடங்களில் இன்றும் காண்கிறோம். அங்கெல்லாம் நியூட்ரல் பியூஸ் உருகினாலே மேற்சொன்ன விபரீதம் நேர்ந்துவிடும்.

இவர்கள் காட்டுகிற ‘நிரூபணம்’ ஒன்றையும் இங்கே சொல்லியாக வேண்டும். ஒரு குண்டு பல்பை எடுத்து, பேஸுக்கும் யந்திரத்தின் உடம்புக்கும் இடையே பிடித்து, அது பளிச்சென்று எரிவதைக் காட்டி, ‘எர்த் எவ்வளவு அருமையாக இருக்கிறது, பாருங்கள்’ என்பார்கள். உடம்பு நியூட்ரலோடு முடியப்பட்டிருக்கையில் பல்பு எரியாமல் வேறு என்ன செய்யும்? தனிக் குழி வெட்டிய இடத்திலும் இந்தச் சோதனை செல்லாது. 100 வாட் பல்பு அரை ஆம்பியருக்கும் குறைவான கரண்டையே கேட்கிறது. எர்த் குழியின் தடை 100 ஓம் என்ற மகா மோசமான நிலையில் இருந்தாலும், பல்புக்கு 190 வோல்ட்டுக்கு மேல் கிடைத்து அது சற்றே மங்கலாக எரிந்துகொண்டிருக்கும். பழுது நேர்ந்த நாளில் அந்தக் குழி இழுத்துக்கொள்ளக்கூடிய கரண்டோ இரண்டு ஆம்பியர் சொச்சம்தான். அதனால் எந்தப் பியூஸும் உருகாது.

சரி, நல்ல குழியே என்று வைத்துக்கொள்வோம். தடை 10 ஓம். அப்போதும் பழுதின்போது ஓடுவது சுமார் 23 ஆம்பியர். 32 ஆம்பியர் எம்.சி.பி. அதனைச் சுமை என்றே கருதாது. எம்.சி.பி. வயரைக் காக்க வந்த சாதனம், மனிதனைக் காக்க வந்ததன்று. மனிதனைக் காப்பது 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே விழுந்துவிடுகிற ஆர்.சி.சி.பி. அதனை வாங்கி மாட்டிய பட்டறைகளிலும் ஒரு விநோதத்தைப் பார்க்கலாம். முன்சொன்ன துண்டு வயர் உள்ளே இருப்பதனால், நியூட்ரல் கரண்டில் ஒரு பங்கு யந்திரத்தின் கால்கள் வழியே தரைக்குள் இறங்கும், ஆர்.சி.சி.பி. தன் கடமையைச் செய்து விழும்; உடனே வயர்மேன் வந்து, ‘இது சும்மா சும்மா விழுகிற சரக்கு’ என்று தீர்ப்புக் கூறி அதனைக் கழற்றி எறிந்துவிட்டுப் போவார். குற்றவாளியை விட்டுவிட்டு, குரைத்த நாயை அடித்துத் துரத்துகிற நியாயம்!

‘வீட்டில் எத்தனையோ தடவை ஷாக் அடித்திருக்கிறது, என்ன ஆகிவிட்டது?’ என்று கேட்கும் சூரர்களுக்கு ஒரு கணக்கு. நிமிடத்துக்கு 2,880 சுற்றுச் சுழலும் 12 அங்குல ரம்ப வட்டின் பல், மணிக்கு 160 கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் செல்கிறது. சமையலறையில் கையை உதறிக்கொண்டு மறந்துவிடுகிற அற்ப ஷாக்குதான், இங்கே அந்த உதறலினாலேயே விரலைப் பல்லுக்குள் கொண்டுபோய்விடும். மரத்தூள் மோட்டாரின் முனைப் பெட்டிக்குள் புகுந்து மழைக்கால ஈரத்தை உறிஞ்சிக்கொள்வதும், அதிர்வினால் திருகுகள் தளர்வதும் மரப் பட்டறைக்கே உரிய விசேஷங்கள். ஆகவே காப்பு பழுதாவதும் இங்கேதான் அதிகம். மூன்று பேஸ் மோட்டார்களின் உடம்பைத் தனித்தனியான இரண்டு எர்த் இணைப்புகளால் பூமியோடு சேர்க்கவேண்டும் என்று மேற்சொன்ன விதிகள் வகுத்தது வீண் ஆடம்பரத்துக்காக அன்று.

மற்ற நம்பிக்கைகளுக்கு இவ்வளவு மை செலவழிக்க வேண்டியதில்லை. ‘ஸ்டார்ட்டர் மோட்டாருக்குத்தான், சாதாரண ஸ்விட்சே போதும்’ என்பது தவறு. போன கரண்ட் திரும்பி வரும்போது, யாரும் தொடாமலே ரம்பம் சுழல ஆரம்பிப்பதைத் தடுப்பது, மறுபடி பச்சைப் பொத்தானை அழுத்தினாலொழிய ஓடவிடாத அந்த ஸ்டார்ட்டரே. ‘மூன்று பேஸில் ஓட்டினால் யூனிட் குறையும்’ என்பதும் வீண் ஆசை. ஒவ்வொரு வயரிலும் ஆம்பியர் குறையுமே தவிர, அதே மரத்தை அறுக்கும் வேலை குறைந்துவிடாது. ஆனால் மூன்று பேஸில் இரண்டு இடம் மாறினால் ரம்பம் எதிர்த் திசையில் சுழலும். லைனில் யார் கை வைத்த பிறகும், மரத்தை வைப்பதற்கு முன், ஒரு நொடி ஓடவிட்டுத் திசையைப் பார்த்துக்கொள்வது நலம். 20 மீட்டர் மெல்லிய வயரில் யந்திரத்தை ஓட்டுகிறவர்கள் ‘மோட்டார் மட்டம்’ என்று கம்பெனியைத் திட்டுகிறார்கள். ஒரு சதுர மில்லிமீட்டர் செம்பு வயரானால், 60 ஆம்பியர் இழுக்கிற புறப்பாட்டு வேளையில் 40 வோல்ட்டுக்கு மேல் வயரிலேயே கரைந்துவிடுகிறது. கையுறை விரலைக் காக்காது, இழுத்துக்கொண்டு போகும். தோள் துண்டும் அப்படியே.

வேறொன்று நெடுநாளாக என் மனத்தில் உண்டு. ஆயுத பூஜையன்று பட்டறைதோறும் ரம்ப மேசையைக் கழுவிச் சந்தனமும் குங்குமமும் இட்டு மாலை சாத்துகிறோம். மோட்டாரின் மேல் தண்ணீர் படாமல் கழுவுகிறவர் சிலரே என்பது இருக்கட்டும். யந்திரங்கள் யாவும் ஓய்ந்து, எல்லோரும் பட்டறையில் கூடியிருக்கும் அந்த நாளையே எர்த் பரிசோதனைக்குரிய நாளாக நம் தொழிலாளர் சங்கங்கள் ஏன் வகுத்துக்கொள்ளலாகாது? வடகிழக்குப் பருவமழை பெரும்பாலும் தொடங்காத காலம் அது. ஆனால் குழியின் தடை மிக மோசமாக இருப்பது மண் காய்ந்து கிடக்கிற கோடையிலே. ஆதலால் அன்று கிடைக்கிற அளவு கோடையில் இன்னும் ஏறக்கூடும் என்பதை மறக்கலாகாது. உரிமம் பெற்ற வயர்மேன் ஒருவரை எர்த் டெஸ்டரோடு வரவழைத்து, முதலில் பிளக்கைத் திறந்து துண்டு வயர் இருந்தால் எடுத்தெறிந்துவிட்டு, பிறகு குழியை அளந்து, வந்த ஓம் கணக்கைத் தேதியோடு சுவரில் பெயிண்டால் எழுதச் செய்யவேண்டும். சென்ற ஆண்டைவிட ஏறியிருந்தால் உப்பும் கரியும் இட்டுத் தண்ணீர் ஊற்றவோ, இரண்டரை மீட்டர்க் குழாய் இன்னொன்று இறக்கவோ செய்யலாம். ஆர்.சி.சி.பி.யின் சோதனைப் பொத்தானை அழுத்திப் பார்ப்பதும் அன்றைக்கே நடக்கட்டும். ஆனால் அது விழுந்துவிட்டதைக் கண்டு குழியை அளக்காமல் விட்டுவிட வேண்டாம், எர்த் வயரே இல்லாத இடத்திலும் அந்தப் பொத்தானுக்கு அது விழும்.